குரலுக்கு முன்னுரிமை

குளச்சலில் ஒரு பெண்ணுக்குத் தன் கணவரோடு ஒரு விஷயத்தைப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அவர் அரபு நாட்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அடுத்த இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று அந்த மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க அவள் விரும்பினாள். அந்த மாதம் அவர்களால் பேச முடியாமல் போனது. காரணம் நான். முதல் வாரத்தில் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தெரிந்தேதான் செய்தேன்.

நான் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த புதிதில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே மரப்பெட்டி போன்ற அறைக்குள் நின்று ஆட்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். "கேக்குதா? கேக்குதா?" என்பதைத்தான் அதிகமும் கத்துவார்கள். மறுமுனையில் கேட்டுவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. கேட்காவிட்டால் எங்கள் குற்றம். முப்பது வருடத்துக்கும் மேல் இந்த ஒரு அளவுகோலை வைத்தே நான் என் வேலையை அளந்தேன். கம்பி போய்க் கண்ணாடி இழை வந்த பிறகும் எனக்குள் அது மாறவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மனைவி இறந்தாள். மகள் வெளிநாட்டில். வீட்டில் சும்மா இருந்த என்னைத் தேடி ஒருவர் வந்தார். குளச்சல் பக்கத்தில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவர். இழை இழுத்து வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் தொழிலுக்கு மாறியிருந்தார். மின்கம்பத்தில் ஏறத் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர். வெளிச்சம் எப்படிப் போகிறது என்பது மட்டும் தெரியாது. அதற்கு ஆலோசகராக என்னை வைத்துக்கொண்டார்.

அவருடைய சிரமம் எளிமையானது. நாகர்கோவிலிலிருந்து அவருடைய அலுவலகத்துக்கு ஒரு இழை வழி. அங்கிருந்து கிளை பிரிந்து தெருக்களுக்கு, வீடுகளுக்கு. பகலில் அந்தப் பெரிய வழி பாதி காலியாகக் கிடக்கும். மாலை ஏழு மணியானால் திங்கள்சந்தை முக்கு போல நெரிசலாகிவிடும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தொடர் பார்க்கிறார்கள், பாட்டுப் பார்க்கிறார்கள், கால்பந்து பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வருவதும் அந்த நேரத்தில்தான். எங்கள் மாவட்டத்தில் வெளியே ஒரு ஆள் இல்லாத வீடு குறைவு. ஏழரைக்கு மேல் அவருடைய கைப்பேசி ஓயாது. "மவன் பேசுதது வெட்டி வெட்டி வருது" என்பதுதான் புகார்.

நாகர்கோவில் வழியின் கொள்ளளவைக் கூட்டி வாங்குவது ஒரு தீர்வு. அவர் அதற்குத் தயாராகவே இருந்தார். நான்தான் தடுத்தேன். இருப்பதையே புத்தியோடு பயன்படுத்தினால் போதும் என்றேன்.

நான் செய்ததை விளக்க வேண்டும். இழைக்குள் போவது எல்லாமே வெளிச்சத்தின் சிமிட்டல்தான். பாட்டும் வங்கிக் கணக்கும் தாயின் பேச்சும் அங்கே ஒன்று. எது என்ன என்று வழிக்குத் தெரியாது. முதலில் வந்தது முதலில் போகும், இடமில்லாவிட்டால் எது வேண்டுமானாலும் உதிரும். போகிற சரக்கு என்ன என்று வழிக்குத் தெரிந்தால் எதை முன்னே விடலாம், எதைக் காக்க வைக்கலாம் என்று அதனால் முடிவு செய்ய முடியும். இந்த யோசனை புதிதல்ல. பெரிய நிறுவனங்கள் பெரிய அளவில் செய்வதுதான். நான் அதைக் குளச்சலின் அளவுக்குத் தைத்தேன்.

முதலில் ஒரு சேமிப்புப் பெட்டி. ஒரே பாட்டை நூறு வீடுகள் கேட்டால் அதை நூறு தடவை தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு பிரதியை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டால் அங்கிருந்து கொடுக்கலாம். ஊர் எதை விரும்பிப் பார்க்கிறது என்பதைப் பெட்டி தானே கற்றுக்கொண்டது. மலையாளச் சிரிப்புத் துணுக்குகளும் முந்தின நாள் கால்பந்துக் கோல்களும் அதில் எப்போதும் நிறைந்திருந்தன. வழிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்தப் பெட்டியால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அடுத்தது அழைப்புகள். இங்கேதான் நான் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வீடியோ அழைப்பில் குரலும் படமும் பூட்டிய பொட்டலங்களாக வரும். திறந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் குரலின் பொட்டலம் சிறியது, சொட்டுச் சொட்டாக ஒரே தாளத்தில் வரும். படத்தின் பொட்டலம் பெரியது, கூட்டமாக வரும். அளவையும் தாளத்தையும் வைத்து எது எது என்று பிரித்துவிடலாம். நெரிசல் வரும்போது சிறியவற்றை முன்னே விட்டுப் பெரியவற்றை உதிர்க்கும்படி விதி எழுதினேன். படம் மங்கும், அல்லது அப்படியே நின்றுவிடும். குரல் மட்டும் வெட்டுப்படாமல் வரும்.

இதற்கு நான் ஆராய்ச்சியும் செய்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடியோ அழைப்பில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கைப்பேசியை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டு மீன் நறுக்குவார்கள், முருங்கைக்கீரை உருவுவார்கள். மறுமுனையில் தெரிவது உத்தரமும் சுற்றுகிற மின்விசிறியும்தான். என் மகள் என்னோடு பேசும்போதும் நான் பார்ப்பது அவள் வீட்டுக் கூரையைத்தான். ஒரு மின்விசிறியைக் கொண்டுவர இவ்வளவு வெளிச்சம் செலவாக வேண்டுமா என்று கேட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். விதி அமலுக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலையில் முதலாளி என்னை அழைத்தார்.

"சாரே, நேத்து ராத்திரி ஒரு புகார் வரல்ல கேட்டியளா? ஒண்ணுகூட வரல்ல. எனக்கு பயமாயிட்டு. நம்ம போனுதான் செத்துப்போச்சான்னு எடுத்து எடுத்துப் பாத்தேன்."

அந்த வாரம் மீன் ஏல வியாபாரி ஒருவர் பணம் கட்ட வந்தபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "முன்ன எனக்க மவன் பேசினா கடலுக்குள்ள முங்கிக் கிடந்து பேசுத மாதிரி இருக்கும். இப்ப பக்கத்துல இருந்து, அவன் குடிச்ச சாயா மணக்குத மாதிரில்லா பேசுதான்."

"படம் எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"அந்த மோறையைப் பாத்து என்ன செய்ய? அது எனக்க மோறைதானே" என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கடுத்த நாள்தான் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நான் முதலில் சொன்ன பெண், அந்த வீட்டு மருமகள். முப்பது வயது இருக்கும். மற்றவள் அவளுடைய கணவரின் தங்கை; அண்ணியை மைனி என்றும் அண்ணனைக் காக்கா என்றும் அழைப்பவள். தங்கைதான் பேசினாள். வீடியோ அழைப்பில் படம் நின்று நின்று போகிறது என்றாள். பணம் வாங்கும் மேசையில் இருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"சவுண்டு கிளியராட்டு இருக்கா?"

"சவுண்டா? சவுண்டை வச்சு எனக்க மைனி என்ன செய்வா? காதுல ஊத்தவா?" என்றாள் தங்கை. "அவளுக்கும் காது கேக்காது, எனக்க காக்காவுக்கும் காது கேக்காது. ரெண்டு பேரும் கையாலதான் பேசுவாவ. கை தெரியல்லேன்னா என்னத்தைப் பேச?"

மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் முடிவெடுக்கிறவர் என்பதை அவள் அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். என் மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கைகளை உயர்த்தி வேகமாக ஏதோ பேச ஆரம்பித்தவள் பாதியில் அப்படியே உறைந்தாள். வாய் கோணி, ஒரு கண் பாதி மூடி, விரல்கள் அந்தரத்தில். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. திடீரென்று ஒரு வெட்டு வெட்டி வேறு ஒரு நிலைக்குத் தாவி மறுபடியும் உறைந்தாள். அவள் கணவர் திரையில் எப்படித் தெரிகிறார் என்று நடித்துக் காட்டினாள். அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்குப் படம்தான் குரல். என் விதி ஒவ்வொரு மாலையும் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டு இணைப்பை மட்டும் விதியிலிருந்து விலக்குவது ஐந்து நிமிட வேலை.

நான் சொன்னது இது: "நம்ம லைன்ல ஒரு குறையும் இல்லம்மா. மத்த எல்லாருக்கும் நல்லாத்தான் வருது. அந்தப் பக்கத்துல நெட்டு மோசமா இருக்கும். அவரைப் பார்க்கச் சொல்லுங்க."

தங்கை அதை அவளுக்குக் கையால் சொன்னாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் சிறியது. ஒரு பொறியியல் கல்லூரியில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பக்கத்து ஊர்களில் இதே தொழில் செய்பவர்களும் வருவதாக இருந்தது. விதி போட்ட நாளிலிருந்து ஒரு மாத வரைபடத்தைக் காட்டத் திட்டமிட்டிருந்தேன்: கொள்ளளவு கூடவில்லை, புகார் இறங்கிவிட்டது, விலக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைசிப் பகுதியில் எனக்கு ஒரு மோகம் இருந்தது. ஒரு வீட்டுக்கு விலக்குக் கொடுத்தால் அதன் காரணத்தை எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் விதியில் ஓட்டை இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். விலக்கு இல்லாமல் ஓடுகிற விதிதான் நல்ல விதி என்று துறையில் இருந்த காலத்தில் என்னிடம் வேலை கற்றவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தேன்.

அவர்கள் இரண்டாம் முறை வந்தபோதுதான் ஒப்பந்த விஷயம் எனக்குத் தெரிந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

"காக்கா புது போன் வாங்கிட்டாரு சாரே," என்றாள் தங்கை. "நீங்க சொன்னதுக்காக. ரூமுக்குள்ள நின்னு பாத்தாரு, மொட்டமாடியில ஏறி நின்னு பாத்தாரு. அங்க மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் வருதாம். இப்ப அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா? மைனி மொகம் காட்டப் பிடிக்காம நெட்டை அணைச்சுப் போடுதாளாம்."

மருமகள் தங்கையின் தோளைத் தட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். தங்கை அதை எனக்குச் சொன்னாள். கடைத்தெருவில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்கிறது. வீட்டில் இரண்டு இயந்திரம் போட்டு அவள் தைக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடைகள் நிறைய வருகின்றன. அவரும் வந்தால் இருவருமாகக் கடை போடலாம். அறைக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பார். அங்கே ஒப்பந்தத் தாளுக்கும் மாதக் கடைசிதான் கெடு. அவர் கடை என்றால் பயப்படுகிறார், காது கேட்காத இருவரை நம்பி யார் வருவார்கள் என்கிறார். வருகிறார்கள் என்பதை அவள் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

"அந்தப் பேப்பர்ல ஒப்பு போடாதியன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள் தங்கை.

"எழுதி அனுப்பலாமே" என்றேன்.

"எழுத்துல அவியளுக்கு 'தின்னியளா, ஒறங்கினியளா' மட்டுந்தான் வரும் சாரே. சண்டை போட முடியாது. நான் எழுதினேன், நீளமாட்டு எழுதினேன். 'இது நீ எழுதினது, நம்ம உம்மா சொல்லி எழுதினியா, அவ கையால சொல்லட்டு'ன்னு திருப்பி எழுதுதாரு."

வீடியோவாகப் பதிந்து அனுப்பியும் பார்த்திருந்தார்கள். மாலையில் அனுப்பினால் அதுவும் பெரிய பொட்டலம்தான். காத்துக் கிடந்து, அவர் தூங்கிய பிறகு போய்ச் சேரும். காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கும்போது பார்ப்பார். ஒரு கேள்வி கேட்டு அனுப்புவார். அதற்கு இவள் பதில் மறுநாள் காலையில் கிடைக்கும். பகலில் அனுப்பினாலும் ஒரு கேள்விக்கு ஒரு நாள் ஆனது; அப்படிச் சண்டை போட முடியாது. பகலில் அவருக்கு நேரமில்லை. அங்கே பள்ளிக்கூடம் திறக்கும் காலம், சீருடை தைக்க விடுமுறை நாளிலும் வேலை வாங்கினார்கள். இரவு ஆனால் அறையில் மற்றவர்கள் விளக்கை அணைத்துவிடுவார்கள். கையால் பேசுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். மிஞ்சியது மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் என் விதி முழு மூச்சில் இயங்கும்.

அவர்கள் வீடு தென்னந்தோப்புக்குப் பின்னால் தாழ்வில் இருந்தது. கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை அங்கே சரியாக எட்டாது. ஒருநாள் மாலை மருமகள் துறைமுகத்துப் பக்கம் போய் ஏலக் கூடத்தின் விளக்குக் கம்பத்தடியில் நின்று பேசிப் பார்த்திருக்கிறாள். கைப்பேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பேசினாளாம். பாதி வார்த்தைக்கு இரண்டு கை வேண்டும். "போறவன் வாறவன் எல்லாம் நின்னு வேடிக்கை பாக்கான். எனக்க மைனி என்ன, தெருக்கூத்தா காட்டுதா?" என்றாள் தங்கை.

நான் மறுபடியும் அதையே சொன்னேன். நம் லைனில் குறை இல்லை, இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகு முதலாளி என் அறைக்கு வந்தார். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் மாத்திக் குடுத்தா என்ன சாரே? பாவமாட்டு இருக்கு."

"ஒண்ணு குடுத்தா நூறு பேரு வருவான்" என்றேன்.

"இந்த ஊருல கையால பேசுதவன் நூறு பேரு இல்ல சாரே."

"விதின்னா விதி. கல்லூரியில பேசி முடியட்டும், பார்க்கலாம்."

"செரி. எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க படிச்சவரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். நம்பாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்லூரியில் நன்றாகப் பேசினேன். மின்விசிறி நகைச்சுவைக்குக் கைதட்டினார்கள். வரைபடத்தின் கோடு நான் நினைத்த இடத்தில் இறங்கியது. விலக்கு ஒன்றுகூட இல்லை என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தது எனக்கே கேட்டது. ஒருவர் எழுந்து, குரலைவிடப் படம் முக்கியமாக இருக்கும் அழைப்புகளை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். அப்படிப்பட்டவை மிகக் குறைவு, கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மருமகள் என் மேசையைத் தட்டிய சத்தம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது என்று எழுதலாம். வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அவர்கள் இணைப்பை விதியிலிருந்து விலக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றுதான் நினைத்தேன். மாலையில் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். லைனைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்றேன்.

முன்னறையில் தையல் இயந்திரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டார்கள். ஜன்னலோரம் தைத்து மடித்த நீலநிறச் சீருடைகள் அடுக்கியிருந்தன. மருமகள் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். விளக்கைத் தன் முகத்துக்கும் கைகளுக்கும் நேராகத் திருப்பினாள். இந்த ஏற்பாட்டையெல்லாம் அவள் ஒவ்வொரு மாலையும் செய்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அழைப்பு போனது. அவர் வந்தார். மெலிந்த ஆள், கழுத்தில் அளவு நாடா. படம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. சட்டையின் நூல்கூடத் தெரிந்தது.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கிளம்பின. அந்த வேகத்தில் மனிதர்கள் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு மாதத்தை அவள் ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். முன்னறையைக் காட்டினாள், சீருடை அடுக்கைக் காட்டினாள், ஒரு சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். வீட்டில் தையல் இயந்திரச் சத்தம் கூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பிறகு இடது உள்ளங்கையை விரித்து, வலது கையின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து அதன் மேல் வேகமாக ஒரு கோடு இழுத்தார்.

அது எனக்கும் புரிந்தது.

அவள் கைகள் மடியில் இறங்கின. எதுவும் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். திரையில் அவர் கண் சிமிட்டினார். உறையவில்லை.

முந்தின நாள் மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். தங்கை பிறகு சொன்னாள். அவள் அழைப்பில் நேராக முகம் காட்டவில்லை, கடைசி வரை தன் கண்ணைப் பார்த்து வா என்று கையால் சொல்லவில்லை, தான் வருவது அவளுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துப் போட்டுவிட்டார். முந்தின நாள் மாலை நான் கல்லூரியில் இருந்தேன்.

எனக்குச் சாயா கொடுத்தார்கள். தங்கை வாசல் வரை வந்தாள். "எப்படியோ நீங்க வந்ததும் சரியாயிட்டு சாரே. முன்னமே உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள். மருமகள் உள்ளே இருந்தபடியே எனக்கு நெஞ்சில் கை வைத்துத் தலை அசைத்தாள். நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே அந்த விதியை எல்லோருக்குமாக எடுத்துவிட்டேன். நாகர்கோவில் வழியின் கொள்ளளவைக் கூட்டச் சொன்னேன். முதலாளி காரணம் கேட்கவில்லை. இப்போது குரலும் படமும் இரண்டுமே வருகின்றன. யாராவது உதவி கேட்டால் மட்டும் அலுவலகத்துக்குப் போகிறேன்.

சில மாதம் பொறுத்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. ஒரு பிற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருமகள் தைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்தாள். தங்கையிடம் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அரபு நாட்டில் குறை இல்லை, உங்கள் வீட்டிலும் இல்லை. நீங்கள் வந்த முதல் நாளே எனக்குத் தெரியும். சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். நான் செய்யவில்லை, பொய் சொன்னேன். இதை உன் மைனியிடம் சொல்லு என்றேன். மன்னிப்பு என்ற சொல்லையும் பயன்படுத்தினேன்.

மருமகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்காது என்பதால் அவள் முன்னாலேயே நாங்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"இதை நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன் சாரே" என்றாள் தங்கை.

"சொல்லணும்மா."

"இப்பந்தான் அவிய ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசுதாவ. நான் சொன்னா அவ அவருக்குச் சொல்லுவா. பொறவு அவரு வாற வரைக்கும் இதுதான் பேச்சு. அங்க ஒறக்கமில்லாம கெடந்து வெப்ராளப்படுவாரு. ஒப்பு போட்டது போட்டதுதானே? அதை அழிக்க முடியுமா?"

"எனக்காகக் கேக்குதேன்."

"அது தெரியுது. நீங்க இறக்கி வச்சிட்டுப் போயிருவிய. நாங்கல்லா அதைத் தூக்கிட்டு நடக்கணும்?"

மருமகள் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்கிறாள். தங்கை திரும்பி அவளுக்குக் கையால் ஏதோ சொன்னாள். சுருக்கமாக இருந்தது. மருமகள் புருவத்தை உயர்த்தினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"மழைக்கு முன்ன எங்க வீட்டு வயரை மாத்திக் குடுக்கப் போறியன்னு சொன்னேன். தென்னமட்டை விழுதுன்னு அவ ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா."

அந்த வயரில் எந்தப் பழுதும் இல்லை. நான் அளந்து பார்த்திருக்கிறேன், வெளிச்சம் துளி குறையாமல் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை ஆள் அனுப்பி அதை மாற்றினேன். நானும் போய் நின்றேன். மருமகள் வாசலில் நின்று, கம்பத்தில் ஏறியவரைக் கை தட்டிக் கூப்பிட்டு, தென்னையை விட்டு விலக்கி இந்தப் பக்கமாகக் கொண்டுவா என்று காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. நான் அவள் காட்டியதை அவருக்குச் சத்தமாகச் சொன்னேன். அவர் அப்படியே இழுத்தார்.